விசிறி ஆலையில் செய்த ஹெலிகாப்டர்

"மூச்சை விடாதேடா. கை ஆடுது பாரு," என்றாள் அக்கா.

மூன்று தலையணைகளில் சாய்ந்துகொண்டு, தானே மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தவள் சொன்ன பேச்சு அது. தம்பி மூச்சை அடக்கிக்கொண்டான். ட்வீசர் இடுக்கியின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் இறக்கை. நடுவிரல் நீளம் இருக்கும், அவ்வளவுதான். அதன் அடியில் ஒரு பொட்டுப் பசை. எதிரே பழைய பத்திரிகைத் தாளின் மேல் ஹெலிகாப்டர் தலையில் முடி இல்லாமல் உட்கார்ந்திருந்தது. நான்கு இறக்கைகளையும் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

காலையில் வந்த டாக்டர் வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டே, "இதயம் ரொம்பக் களைச்சிடுச்சு. இன்னைக்கு, மிஞ்சினா நாளைக்கு," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் அக்காவுக்குக் காது மட்டும் கடைசிவரை பாம்புக் காது. அவன் உள்ளே வந்ததும், அழுதுவிடுவானோ என்று பார்த்தாளோ என்னவோ, "சும்மா நிக்காதே. அந்த மேல் விசிறியை நீ மாட்டிடு. என் விரல் ஒத்துக்கலை," என்றாள்.

அவள் அவனிடம் ஒன்றைச் செய்யச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நாற்பத்தெட்டு வயதாகிறது அவனுக்கு. அம்மா போனபோது அவனுக்கு ஏழு, அவளுக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கும் முன்பே போய்விட்டார். அன்றிலிருந்து சோறு போட்டது, பேன் பார்த்தது, பள்ளிக்கூடத்தில் போய் வாத்தியாரிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டது, மின்விசிறி ரிப்பேர் கடை வைத்துக் கொடுத்தது, பெண் பார்த்துக் கட்டிவைத்தது எல்லாம் அவள்தான். பதிலுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்தால் "எனக்கெதுக்கு, உன் பொண்டாட்டிக்குக் குடு" என்பாள். ஊருக்குப் போய்விட்டு வரும்போது எதையாவது வாங்கிவந்தால், அது மறுநாள் அவன் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். கொடுத்துக்கொண்டே இருக்கிறவளுக்கு வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டே இருந்தவனுக்கு அது நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

ஆகவே இந்த நான்கு இறக்கைகள். இன்றைக்குள், ஒரு குறையும் இல்லாமல், அவள் கண்ணெதிரே. இதையாவது அவளுக்கு முழுதாகச் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் செய்வது சாதாரண பொம்மை ஹெலிகாப்டர் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள். ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் கண்ணாடிக் குழாயில் விட்டுப் பழகிய கை. வேலையிலிருந்து வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, இந்த மேஜையில் உட்கார்ந்துவிடுவாள். உலகத்தில் எந்த ராணுவமும் ஓட்டாத, எந்த ஆலையும் செய்யாத ராணுவ ஹெலிகாப்டர்களைத்தான் அவள் செய்வாள். கடையில் வாங்கிய இரண்டு பிளாஸ்டிக் மாடல் பெட்டிகளைப் பிரித்து, ஒன்றின் உடம்பையும் இன்னொன்றின் வாலையும் வெட்டி ஒட்டி, இல்லாத ஒரு தேசத்தின் கொடியை அதன் மேல் வரைவாள். 'இப்படி மட்டும் நடந்திருந்தால் இந்த ஹெலிகாப்டர் பறந்திருக்கும்' என்பதுதான் அந்த விளையாட்டு.

இதற்கென்று ஒன்பது பேர் கொண்ட ஒரு கூட்டம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மருந்துக்கடை மாடியில் கூடுவார்கள். அக்காவை அவர்கள் 'கேப்டன்' என்பார்கள். ஒவ்வொரு மாடலோடும் ஒரு சீட்டு வைக்க வேண்டும். அந்த ஹெலிகாப்டர் எந்த வருஷம், எந்தப் படைக்கு, ஏன் செய்யப்பட்டது என்கிற சரித்திரம் அரைப் பக்கத்தில். அதற்கு ஒரு சட்டம் இருந்தது. நடந்த சரித்திரத்தில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றலாம். மற்றதெல்லாம் அந்த ஒரு மாற்றத்திலிருந்து தானாக வர வேண்டும். இரண்டாவது பொய் சொன்னால் மாடலை மேஜையிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுக்கிறவர் பூதக்கண்ணாடிக்காரர். ரயில்வேயில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். எந்த மாடலையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான் அதைச் செய்தவருக்கே வணக்கம் சொல்வார்.

இப்போதைய ஹெலிகாப்டருக்கு அக்கா வைத்திருந்த மாற்றம், டெண்டரில் தோற்றுப்போன ஒரு விமானக் கம்பெனி ஜெயித்திருந்தால் என்பது. அந்த ஒரு வரிக்காக இரண்டு மாதம் படித்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட மூக்கில் குழாயோடு ஏதோ குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். சீட்டை அவளே கையால் எழுதி, மடிக்காமல், தலையணைக்குப் பக்கத்தில் ஒரு புத்தகத்துக்குள் வைத்திருந்தாள்.

"பாத்துடா. தடிச்ச விளிம்பு முன்னாடி போற மாதிரி வரணும். மெல்லிசு பின்னாடி."

"அக்கா, விசிறியப் பத்தி எங்கிட்டயே சொல்றியா? அதுதானே என் பொழப்பு. இதுவரைக்கும் எத்தனை மாட்டியிருப்பேன், ஒரு ஆளு தலையில விழுந்திருக்கா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறியது. அவன் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். இருமல் அடங்கியதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வேலைக்கு இடைஞ்சல் என்று மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறியை நிறுத்தியிருந்தார்கள். அவள் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. சீக்கிரம் முடித்தால் விசிறியைப் போடலாம் என்று அவன் வேகத்தைக் கூட்டினான்.

தலையில் சுழலும் குமிழில் முதல் இறக்கை உட்கார்ந்தது. இரண்டாவது, மூன்றாவது. நொடியில் பிடிக்கிற பசை என்பதால் காத்திருக்கிற தொல்லை இல்லை. நான்காவதை ஒட்டும்போது அவனுக்குக் கை நடுங்கவே இல்லை. ஒட்டிவிட்டு, நிமிர்ந்து, அவ்வளவு நேரமும் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டான்.

"அக்கா."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அம்மா போன வருஷம் உனக்கு ஹெலிகாப்டர் மெக்கானிக் படிப்புக்கு இடம் கிடைச்சுதுல்ல? நான் மட்டும் இல்லைன்னா, ஒருவேளை நீ…"

"ஆரம்பிச்சிட்டியா?" கண் மூடியபடியேதான் சொன்னாள். "ஒருவேளை ஒருவேளைன்னு பேசறதுக்குத்தான் ஹெலிகாப்டர் இருக்கே. மனுஷங்களுக்கு எதுக்குடா அது?"

"இல்லக்கா, நீ எனக்குப் பண்ணினதுக்கு நான்…"

"பசை மூடியை மூடினியா? காஞ்சு போயிடும்."

அவன் மூடியை மூடினான். அவளிடம் நன்றி சொல்லப் போனவனெல்லாம் இப்படி ஏதாவது ஒரு மூடியை மூடிவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

ஹெலிகாப்டரைப் பத்திரிகைத் தாளோடு தூக்கி அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தான். கரும்பச்சை உடம்பு. மூக்கில் துப்பாக்கி. கதவில் மஞ்சள் வட்டம். தலைமேல் நான்கு இறக்கைகள், ஒன்றுக்கொன்று அளந்து வைத்த மாதிரி. அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். பார்த்தாள் என்றால் சும்மா இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள் என்பார்களே, அப்படி. மூக்கிலிருந்து வால்வரை, வாலிலிருந்து மறுபடி தலைமேல். அங்கே கொஞ்சம் நின்றாள்.

"எந்தப் பசை போட்டே?"

"அந்தச் சின்ன ட்யூப். உடனே புடிக்குமே, அது."

"ம்."

வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். குறை சொல்லாமல் எதையும் கீழே வைக்காதவள் அவள். அவன் கல்யாணப் பத்திரிகையிலேயே இரண்டு எழுத்துப் பிழை கண்டுபிடித்துத் திரும்ப அச்சடிக்க வைத்தவள்.

"நல்லா இருக்குடா," என்றாள் அக்கா.

"நிஜமாவா?"

"நல்லா இருக்குன்னா நல்லா இருக்கு. பத்திரம் எழுதிக் குடுக்கணுமா? போ, போய்க் குளி. வேர்வை நாத்தம் தாங்கலை. ஃபேனைப் போட்டுட்டுப் போ."

அவன் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதான். துக்கம் பாதிதான். மீதி சந்தோஷம், சொன்னால் வெட்கக்கேடு. பத்து வயதில் கணக்குப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியபோதுகூட "எழுத்து கோணல்" என்றவள் வாயிலிருந்து இன்றைக்கு ஒரு 'நல்லா இருக்கு' விழுந்திருக்கிறது. அவன் ஈரத் தலையோடு வெளியே வந்தபோது மனைவி அக்காவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பேனாவை அவசரமாக மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள். மருந்துக் கணக்கு எழுதியிருப்பாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மத்தியானம் அக்கா இரண்டு ஸ்பூன் கஞ்சி குடித்தாள். மூன்றாவதைக் கையால் தடுத்தாள். பிறகு தூக்கமா மயக்கமா என்று தெரியாத ஒன்று. தம்பி கட்டிலின் ஒரு பக்கமும் அவன் மனைவி இன்னொரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். ஹெலிகாப்டர் ஜன்னல் ஓரம் இருந்தது. மூன்றரை மணிக்கு அவள் உதடு அசைந்தது. அவன் குனிந்து காதை வைத்தான்.

"மணி என்ன?"

"மூணரைக்கா."

"காஞ்சிருக்கும்," என்றாள்.

அதுதான் கடைசிப் பேச்சு. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால், யாரும் கவனிக்காத ஒரு மூச்சோடு, போய்விட்டாள். அவன் மனைவிதான் முதலில் எழுந்து நின்றாள். அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். எல்லோருக்கும் போன் பண்ண வேண்டும், நாற்காலிகளுக்குச் சொல்ல வேண்டும், வண்டிக்குச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒருவன் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தான். இன்னொருவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாள் காலையில் கூடம் நிறைந்துவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் கூட வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். ரத்தம் கொடுக்கப் பயந்த குழந்தைகளாக இருந்து இப்போது மீசை வைத்திருக்கிறவர்கள் வந்தார்கள். ஒருவர், "ஊசி குத்தினதே தெரியாது, அப்படி ஒரு கை," என்று சொல்லி, தன் முழங்கையைத் தொட்டுக் காண்பித்தார். இத்தனை பேருக்கு அவளைத் தெரியுமா என்று தம்பிக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு போனவர்கள். தான் ஒருவன்தான் கடன்பட்டவன் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம்!

தலைமாட்டில் ஒரு சிறிய மேஜை போட்டு அதில் ஹெலிகாப்டரை வைத்திருந்தான். பக்கத்தில் அந்தப் புத்தகம், உள்ளே சீட்டு. கேப்டனின் கடைசி மாடல் என்று அவளுடைய கூட்டத்துக்காரர்கள் பார்க்கட்டும் என்பது அவன் எண்ணம். அது அவன் கைவேலை என்பதையும் பார்க்கட்டும் என்று ஓரத்தில் ஓர் ஆசை இருந்தது, மறைப்பானேன்.

பூதக்கண்ணாடிக்காரர் பதினோரு மணிக்கு வந்தார். அக்காவின் காலடியில் வெகுநேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு மேஜைக்கு வந்தார். பழக்க தோஷம், கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்தது. குனிந்தார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

"தம்பி, இந்த மேல் விசிறி கேப்டன் மாட்டினதா?"

"இல்ல சார். நான்தான். அக்கா பக்கத்துல இருந்து சொல்லச் சொல்ல மாட்டினேன்."

"ஓ."

"ஏன் சார்?"

அவர் தயங்கினார். சாவு வீட்டில் இதைச் சொல்லலாமா என்று பூதக்கண்ணாடியைத் துடைத்தார். ஆனால் தப்பைப் பார்த்துவிட்டு வாயைக் கட்டிக்கொண்டிருக்க அவரால் முடியாது. அது அவருக்குப் பிறவிக் குணம்.

"தப்பா நினைக்காதீங்க. நாலும் திரும்பி இருக்கு. இந்த ரகத்துக்கு மேலேர்ந்து பாத்தா விசிறி கடிகார முள்ளுக்கு எதிரா, இடப்பக்கமாச் சுத்தணும். இது வலப்பக்கமாச் சுத்தற மாதிரி ஒட்டியிருக்கு. உங்க வீட்டுக் கூரை ஃபேன் இருக்கே, அது மாதிரி. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ஃபேன் ரிப்பேர்," என்றான் தம்பி.

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வாழ்நாள் முழுக்க விசிறியைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவன், தலைமேல் விசிறி வைத்த யந்திரத்துக்கும் அதே கணக்கைப் போட்டிருக்கிறான். தம்பிக்குக் காது மடல் சூடேறியது. நேற்று அவள் அங்கே நின்று பார்த்தது, எந்தப் பசை என்று கேட்டது, 'ம்' என்றது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து முகத்தில் அறைந்தன. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பார்த்த நொடியிலேயே தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு காரியம், அதையும் கெடுத்துக் கொடுத்திருக்கிறான். சாகக் கிடந்தவள் அதை விழுங்கிக்கொண்டு நல்லா இருக்கு என்றிருக்கிறாள்.

"பிச்சு மாட்டிடலாமா சார்?"

"அந்தப் பசையில ஒட்டினா இறக்கை உடைஞ்சுதான் வரும். பரவாயில்லை, விடுங்க. சீட்டைக் குடுங்க, பாப்போம்."

அவன் புத்தகத்திலிருந்து சீட்டை எடுத்து நீட்டினான். அவர் வாசிக்க ஆரம்பித்தார். வாசிக்க வாசிக்க அவர் புருவம் மேலே போயிற்று. பிறகு அதை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அக்காவின் குண்டு எழுத்தில் இருந்த அந்த டெண்டர் வரி ஒரே கோட்டில் அடிக்கப்பட்டிருந்தது. இரண்டு மாதத்துப் படிப்பு அந்தக் கோட்டுக்கடியில் கிடந்தது. அதற்குக் கீழே அவன் மனைவியின் சாய்ந்த எழுத்து:

'போர்க்காலத்தில் விமான ஆலைகளில் இடம் இல்லாமல், இந்த ரகத்தைச் செய்யும் வேலை ஒரு மின்விசிறி ஆலைக்குக் கொடுக்கப்பட்டது. மாற்றம் இது ஒன்றே. அந்த ஆலையின் தலைமை மெக்கானிக் தனக்குத் தெரிந்த முறையில் விசிறியை மாட்டினார். ஆகவே இந்த ரகம் மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றும். ஓட்டிப் பார்த்த விமானிகள் எந்தக் குறையும் சொல்லவில்லை. அந்த மெக்கானிக் மாட்டிய ஒன்றுகூட இதுவரை விழுந்ததில்லை.'

அவன் நிமிர்ந்து மனைவியைத் தேடினான். அவள் சுவரோரமாக நின்றிருந்தாள். அருகில் வந்தாள்.

"நீங்க குளிக்கப் போனப்ப அண்ணி சொல்லச் சொல்ல எழுதினேங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினாங்க. நாளைக்கு எழுதலாம் அண்ணின்னேன். கேக்கலை. மை காயறவரைக்கும் புத்தகத்தை மூடாதே, உங்ககிட்டயும் சொல்லாதேன்னாங்க."

"வேற என்ன சொன்னா?"

"சிரிச்சாங்க. கடைசி வரிக்கு ரொம்பச் சிரிச்சாங்க."

ஒரு பொய்க்குத்தான் அனுமதி. அதை இவன் தப்புக்காகச் செலவழித்துவிட்டாள். எப்போதும் இதைத்தானே செய்தாள் என்று அவனுக்குத் தோன்றியது. அவன் எந்தப் பக்கம் திரும்பி நின்றானோ அந்தப் பக்கத்தை நேராக்கிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி, குளிக்கப் போ என்று விரட்டிவிடுவாள். நேற்றுவரை உறுத்திய முள் இன்றைக்கு இருக்கிற இடம் தெரியவில்லை. இப்படி ஒருத்தி கையில் வளரக் கொடுத்துவைத்திருந்தது. அதுதான் நிறைந்து நின்றது. அவன் வாய்விட்டு அழுதான். அழுகைக்கு நடுவிலேயே, தலைமை மெக்கானிக் என்று படித்த இடத்தில், சிரிப்பும் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் பாவம், பயந்துபோனார்கள்.

பூதக்கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "சீட்டுல தப்பில்லை. மாத்தினது ஒண்ணே ஒண்ணு. மத்ததெல்லாம் அதுலேர்ந்து ஒழுங்கா வருது. அடுத்த ஞாயித்துக்கிழமை மேஜையில வைக்கலாம். ஆனா மாடல் செஞ்சவங்க பக்கத்துல நின்னு கதையைச் சொல்லணும். அது வழக்கம்."

"நான் வரேன் சார்."

"வாங்க," என்று சொல்லிவிட்டு, முதல் தடவையாக அவனுக்கு வணக்கம் வைத்தார்.

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆட்கள் எழுந்தார்கள். நாற்காலிகள் ஓரமாக நகர்ந்தன. யாரோ, "தலைப்பக்கம் தம்பி வரட்டும்," என்று கூப்பிட்டார்கள்.

"இதோ," என்றான் அவன்.

மேஜைக்கு நேர் மேலாகக் குனிந்தான். ஹெலிகாப்டரை அவன் மேலிருந்து பார்த்ததே இல்லை. ஆள்காட்டி விரலால் ஓர் இறக்கையின் நுனியைத் தொட்டு, தடித்த விளிம்பு முன்னால் போகும்படி, வலப்பக்கமாக மெல்லத் தள்ளினான். நான்கும் சேர்ந்து ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றன.